வீடியோ போட்ட பிறகுதான் ஊழியம் ஆரம்பிக்குது

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு வீடியோ பார்க்கிறவங்களுக்கு இல்ல, போடுறவங்களுக்கு. லைவ்ல ஜெபிக்கிறவங்க, ஷார்ட்ஸ்ல சின்னச் செய்தி கொடுக்கிறவங்க, குரூப்ல தினமும் வாக்குத்தத்தம் அனுப்புறவங்க, எல்லாரும் கேளுங்க. கேமரா, லைட், மைக் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அப்லோட் ஆன பிறகு நம்ம கையில என்ன வேலை இருக்கு, அதைப் பத்தி மட்டும்.

முதல்ல ஒரு வார்த்தை. மாற்கு 10:43, 44 எடுத்துக்கோங்க. பெரியவனா இருக்கணும்னா பணிவிடைக்காரனா இரு, முதன்மையானவனா இருக்கணும்னா ஊழியக்காரனா இருன்னு ஆண்டவர் சொல்றார். தமிழ்ல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு மாதிரி கேக்குது. கிரேக்கத்துல முதல் வார்த்தை டியாகொனொஸ், பந்தியில பரிமாறுற ஆள். ரெண்டாவது டூலொஸ், அடிமை. அப்போ அந்த இடத்துல நம்ம பைபிள்ல 'ஊழியக்காரன்'னு போட்டிருக்கிறது அடிமையைத்தான். அதே வார்த்தை 'ர்' சேர்ந்து மரியாதையாகி, இன்னைக்கு நம்ம தம்ப்நெயில்ல போட்டோவுக்குக் கீழ பட்டமா உக்காந்திருக்கு.

சரி, அடிமை வேலை எப்படி இருக்கும்? யோவான் 13-ஐ மெதுவா வாசிங்க. போஜனத்தை விட்டு எழுந்திருக்கிறார். வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறார். ஒரு சீலையை, அதாவது துண்டை, எடுத்து அரையில கட்டுறார். பாத்திரத்துல தண்ணி வார்க்கிறார். கழுவுறார், துடைக்கிறார். நாலாம் அஞ்சாம் வசனத்துல வரிசையா கை வேலை மட்டும்தான், ஒரு பேச்சு கிடையாது. அந்தப் பந்தியில யூதாஸும் இருக்கிறான், அவன் எழுந்து போறது முப்பதாம் வசனத்துலதான். பேதுரு தடுக்கிறப்போ அவனுக்குப் பதில் சொல்றார், அவ்வளவுதான். 'நான் உங்களுக்குச் செய்தது இன்னதென்று அறிந்திருக்கிறீர்களா'ன்னு போதிக்க ஆரம்பிக்கிறது பன்னிரண்டாம் வசனம், திரும்ப உக்காந்த பிறகு. முதல்ல சீலை, அப்புறம் செய்தி. நம்ம சேனல்ல செய்தி நிறைய இருக்கு. சீலை எங்க இருக்குன்னு கேட்டா, கமெண்ட் பாக்ஸ்லதான் இருக்கு.

கமெண்டைத் திறந்து பாருங்க. "பாஸ்டர், என் வீட்டுக்காரர் குடிக்கிறார், பிள்ளைங்களை அடிக்கிறார், ஜெபிச்சுக்கோங்க"ன்னு ஒரு சகோதரி சொந்தப் பேர்ல, சொந்த போட்டோவோட எழுதியிருப்பாங்க. கீழ நாப்பது பேர் 'ஆமென்' போட்டிருப்பாங்க. நாம ஒரு ஹார்ட் கொடுத்துட்டுப் போயிடுவோம். இங்கதான் தப்பு நடக்குது. அந்த கமெண்டை யார் வேணும்னாலும் படிக்கலாம். அந்த வீட்டுக்காரரும் படிக்கலாம், அவங்க வேலை செய்ற இடத்துல இருக்கிறவங்களும் படிக்கலாம். அதனால முதல் வேலை, அதைப் பொதுப் பார்வையில இருந்து எடுக்கிறது. எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வரி பதில் போடுங்க: "சகோதரி, வாசிச்சேன், ஜெபிக்கிறேன். உங்க பாதுகாப்புக்காக இதை எடுத்துடறேன். டிஸ்கிரிப்ஷன்ல இருக்கிற மெயிலுக்கு எழுதுங்க." சொல்லாம எடுத்தா, விரட்டிட்டாங்கன்னு நினைப்பாங்க. அவங்க பதிலைப் பார்க்க ஒரு நாள் விட்டு, அப்புறம் எடுத்துடுங்க. வீட்டு விலாசம், போன் நம்பர், சின்னப் பிள்ளையோட பேர் இருந்தா காத்திருக்காதீங்க, உடனே எடுங்க.

அந்த மெயிலை யார் படிப்பாங்கன்னு முன்னாடியே எழுதி வைங்க. ஆண் ஒருத்தர், பெண் ஒருத்தர், ரெண்டு பேர் போதும். ஜெபக் குறிப்புன்னு சொல்லி இருபது பேர் இருக்கிற குரூப்ல ஃபார்வர்ட் பண்றது ஜெபம் இல்ல, ஊர்வம்பு. குரூப்ல ஜெபிக்கணும்னா பேரும் இடமும் இல்லாம, "ஒரு குடும்பத்துல சமாதானத்துக்காக"ன்னு போட்டா கர்த்தருக்குப் புரியும்.

அடுத்தது, ரொம்பப் பேருக்குத் தெரியாத கண்ணி. உங்க புரொஃபைல் படத்தையே வச்சு, உங்க பேர்லயே ஒரு போலி அக்கவுண்ட், ஜெபம் கேட்டவங்களுக்கு மட்டும் போய் ரிப்ளை போடும்: "கர்த்தர் உங்களைக் காட்டினார், இந்த வாட்ஸ்அப் நம்பருக்கு வாங்க." அப்புறம் அனாதை இல்லம், விதைக் காணிக்கைன்னு பணம் கேப்பான். உடைஞ்சு போய் இருக்கிறவங்கதான் மாட்டுவாங்க, அதுவும் உங்க பேரை நம்பி. யூடியூப் ஸ்டூடியோவுல செட்டிங்ஸ், கம்யூனிட்டி போனா தடுக்க வேண்டிய வார்த்தைகளுக்கு ஒரு கட்டம் இருக்கு. 'வாட்ஸ்அப்', 'டெலிகிராம்' ரெண்டையும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் அதுல போடுங்க. லிங்க் உள்ள கமெண்டைத் தடுக்கிற டிக்கும் அங்கேயே இருக்கு. நம்பருக்கு நடுவுல புள்ளி, ஸ்பேஸ் வச்சுத் தப்பிப்பாங்க, அதனால கண்ணாலயும் பாக்கணும். ஒவ்வொரு வீடியோவுலயும் ஒரு பின் கமெண்ட், அதாவது எல்லாத்துக்கும் மேல நிக்கிற மாதிரி 'பின்' பண்ணின கமெண்ட்: "நாங்க யாருக்கும் முதல்ல மெசேஜ் அனுப்ப மாட்டோம். ஜெபத்துக்குப் பணம் கேக்க மாட்டோம்." எழுதிட்டா அது நம்மளையும் கட்டும், அது நல்லதுதான்.

இப்போ கனமான விஷயம். "வாழ பிடிக்கல", "இது என் கடைசி மெசேஜ்" மாதிரி எழுதினா, உடனே வசனம் அனுப்பாதீங்க. 'தற்கொலை பாவம்'னு சொல்லவே சொல்லாதீங்க, அந்த நேரத்துல அது கதவைச் சாத்துற மாதிரி. நேரா கேளுங்க: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. கேட்டா அவங்களுக்குப் பேச வழி கிடைக்கும். அப்புறம், இப்போ எங்க இருக்கீங்க, பக்கத்துல யார் இருக்காங்க, கையில ஏதாவது வச்சிருக்கீங்களா. அவங்க இருக்கிற நாட்டோட அவசர எண்ணைக் கொடுத்து, பக்கத்துல ஒரு ஆள் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. 'யாருக்கும் சொல்ல மாட்டேன்'னு மட்டும் வாக்கு கொடுக்காதீங்க. உயிர் போற விஷயத்துலயும், பிள்ளைங்களைத் தொந்தரவு பண்ற விஷயத்துலயும் காப்பாத்தவே கூடாத ரகசியம் அது. பிள்ளை விஷயம்னா துருவித் துருவி விசாரிக்காதீங்க, அது நம்ம வேலை இல்ல. கேட்டதைக் கேட்டபடி எழுதி வச்சு, அதுக்குரிய அதிகாரிகள்கிட்ட சேத்துடுங்க. குற்றம் சாட்டப்படுறவர் ஊழியக்காரரா இருந்தாலும் இதேதான். அப்போ இன்னும் வேகமா.

ஒருத்தர் தன் வாழ்க்கையில கர்த்தர் செஞ்சதைச் சொல்ற சாட்சி வீடியோவுக்கு, அவங்க சம்மதத்தை எழுத்துல வாங்குங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க, ஏன்னா உணர்ச்சியில சரின்னு சொல்லியிருப்பாங்க. சுகமானதைப் பத்திப் பேசும்போது, மாத்திரையை நிறுத்தினேன்னு அவங்க சொன்னா அதை வெட்டிடுங்க. சுகர் மாத்திரையை, வலிப்பு மாத்திரையை விசுவாசத்துல விட்டுட்டு, பார்க்கிற வேற ஒருத்தர் விழுந்துடுவார். டாக்டர் நிறுத்தச் சொன்னா டாக்டர் சொல்லட்டும்.

பணத்துக்குப் பவுல் வழி காட்டியிருக்கார். 2 கொரிந்தியர் 8-ல தர்மப் பணத்தை அவர் தனியா தூக்கிட்டுப் போகல. சபைகள் தெரிஞ்செடுத்த ஒரு சகோதரனும் கூட வர்றார். கர்த்தருக்கு முன்னாடி மட்டும் இல்ல, மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா இருக்கணும்னு காரணமும் எழுதுறார். அப்போ சொந்த அக்கவுண்ட்ல வாங்காதீங்க. எடுக்க ரெண்டு கையெழுத்து, அந்த ரெண்டு பேரும் கணவன் மனைவியா இருக்கக் கூடாது. எதுக்குன்னு வாங்கினீங்களோ அதுக்கே செலவு, மூணு மாசத்துக்கு ஒருமுறை வரவு செலவு வெளியில. ஜெபம் பண்ற நேரத்துல ஸ்கிரீன்ல க்யூஆர் கோட் வேண்டாம். ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா, ஜெபத்துக்கு விலை இருக்குன்னு பார்க்கிறவங்க மனசுல பதிஞ்சுடும்.

1948-ல அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவர் குழுவும் கலிபோர்னியாவுல மொடெஸ்டோ ஊர்ல உக்காந்து, சுவிசேஷகர்கள் எதுல விழறாங்கன்னு பட்டியல் போட்டாங்க. பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர் சபைகளைக் குறை பேசுறது, எண்ணிக்கையை ஊதிச் சொல்றது. யூடியூப் வர 57 வருஷம் முன்னாடி! நாலாவதைப் பாருங்க. ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூ, தள்ளிவிட்டுப் போனவங்களும் கணக்குல வர்றாங்க. 'லட்சம் பேருக்கு சுவிசேஷம்'னு அதை வச்சு சொன்னா அது பொய். மூணாவதும் அப்படித்தான். 'உங்க சபையில சத்தியம் இல்ல'ன்னு பேசினா வியூ வரும். கேட்டவர் சபையை விட்டுடுவார், ஆனா அவர் வீட்டுல சாவு விழுந்தா நாம போய் நிக்க முடியாது.

தப்பா போதிச்சுட்டா? போதகருக்கு அதிக ஆக்கினைன்னு யாக்கோபு 3:1 சொல்லுது, அதனால சும்மா டெலீட் பண்ணிட்டு நகராதீங்க. பார்த்தவங்க மனசுல அது இருக்குமே. யூடியூப்ல பழைய வீடியோவுக்குப் பதில் அதே லிங்க்ல புது வீடியோ வைக்க முடியாது, எடிட்டர்ல தப்பான பகுதியை வெட்டத்தான் முடியும். வெட்டுங்க, பின் கமெண்ட்ல எந்த நிமிஷம், என்ன சொன்னேன், எது சரின்னு போடுங்க. அடுத்த வீடியோவோட முதல் நிமிஷத்துலயே வாயால சொல்லுங்க. கடைசியில சொன்னா பாதிப் பேர் போயிருப்பாங்க. இதுக்கு முன்னாடி ஒரு தடுப்பும் இருக்கு: 'இதைப் போடாதே'ன்னு உங்ககிட்ட சொல்லக்கூடிய ரெண்டு பேர். உங்ககிட்ட சம்பளம் வாங்குறவங்க அந்தக் கணக்குல சேர மாட்டாங்க.

இவ்வளவையும் ஒரு ஆள் செய்ய முடியுமான்னு கேப்பீங்க. முடியாது. கமெண்டுக்கு ஒரு நேரம் வைங்க, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல வந்தா வீடியோவைக் குறைங்க, பதிலைக் குறைக்காதீங்க. கூப்பிட்ட நேரமெல்லாம் நாம இருந்தே ஆகணும்னு இல்ல. மாற்கு 1:37-ல எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னு சீஷர்கள் வந்து சொல்றப்போ, ஆண்டவர் வனாந்தரத்துல ஜெபத்துல இருந்தார். கேட்டதும் திரும்பி ஓடல, அடுத்த ஊர்களுக்குப் போவோம்னு சொன்னார்.

ரெண்டு மூணு தடவை எழுதினவங்ககிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தா, நடந்து வந்து பாக்கிற விசுவாசி யாராவது இருக்காங்களா?" இல்லன்னு சொன்னா, அவங்க ஏரியாவுல ஒரு சபையைத் தேடிக் கொடுங்க, அந்தப் போதகர்கிட்ட அவங்க அனுமதியோட நீங்களே பேசுங்க. ஒரு மாசம் கழிச்சு, போனீங்களான்னு ஒரு வரி எழுதுங்க. அதுக்கப்புறம் அவங்க உங்க லைவுக்கு வராம அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போயிட்டாங்கன்னா, சேனல்ல ஒரு ஆள் குறையும். குறையட்டும்.