செத்த வீட்ல வாழையிலைக் கட்டு: ட்ரோப்ரியண்ட் தீவுல யாரு யாருக்குக் கடன்பட்டிருக்கா?

[திரையில்: பசிபிக் மேப், மெதுவா ஜூம்]

வணக்கம் மக்களே. பப்புவா நியூ கினியோட கிழக்கு முனையில இருந்து வடக்கால கடல்ல போனா ட்ரோப்ரியண்ட் தீவுகள்னு வரும், பவளப்பாறை மேல உட்கார்ந்திருக்கிற தட்டையான தீவுங்க, அதுல பெருசு கிரிவினா. மானுடவியல் படிச்சவங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னாலே குலா குலான்னு ஆரம்பிச்சிருவாங்க, அதாவது சிவப்புச் சிப்பி மாலை ஒரு திசையில, வெள்ளைச் சங்கு வளை எதிர்த் திசையில, படகுல தீவு தீவா சுத்திக்கிட்டே இருக்கும். அது தனி வீடியோவுக்கு ஆகும், இன்னைக்கு அதைத் தொடல. என்னைக் கேட்டா அதைவிட சுவாரஸ்யமானது அந்த ஊர் செத்த வீட்லதான் நடக்குது.

முதல்ல சொந்தம் எப்படின்னு பாத்துரலாம், இல்லன்னா ஒண்ணும் புரியாது. அங்க வம்சம் அம்மா வழி. அம்மாவோட வம்சத்தை டாலான்னு சொல்றாங்க, நிலம் அதுக்குத்தான் சொந்தம், ஒருத்தன் சொத்து அவன் புள்ளைக்குப் போகாது, அக்கா தங்கச்சி பையனுக்குப் போகும். அப்பா வேற டாலா. ஆனா கல்யாணம் ஆனா பொண்ணு புருஷன் ஊருக்குத்தான் போவா, குழந்தைங்க அப்பா மடியில, அப்பா ஊர்லதான் வளரும். இன்னொண்ணு, குழந்தையைப் பாத்து அப்படியே அம்மா ஜாடைன்னு அங்க சொல்லிராதீங்க, கோபம் வந்துரும், முகம் அப்பா கொடுத்ததுன்னுதான் அவங்க கணக்கு. ஆக ரத்தம் ஒரு பக்கம், வளர்ப்பு இன்னொரு பக்கம். இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுலதான் கொடுக்கல் வாங்கல் மொத்தமும் ஓடுது.

[திரையில்: கிழங்கு வீடு, மரச் சட்டங்களுக்கு நடுவுல இடைவெளி]

அங்க முக்கியமான பயிர் யாம், நம்ம வள்ளிக்கிழங்கு வகை, சர்க்கரைவள்ளி இல்ல, அது வேற. ஒரு ஆம்பளை வெயில்ல நின்னு பாடுபட்டு விளைய வைக்கிற நல்ல கிழங்கு அவன் வீட்டுக்கு வராது, கட்டிக்கொடுத்த தங்கச்சியோட புருஷன் வீட்டுக்குப் போகும். அறுவடை முடிஞ்சதும் தோட்டத்துலயே கூம்பு மாதிரி குவிச்சு வச்சு ஊரே வந்து பாத்து பேசின அப்புறம், வரிசையா தூக்கிக்கிட்டு மச்சான் ஊருக்குப் போய் அவன் கிழங்கு வீட்டை ரொப்பிட்டு வருவாங்க, சந்து வழியா வெளிய தெரியிற மாதிரி நல்ல பெரிய கிழங்கா பாத்து அடுக்குவாங்க. ஓமரகானா ஊர்த் தலைவருக்கு நிறைய பொண்டாட்டி இருந்ததும் இதனாலதான், ஒவ்வொரு பொண்டாட்டிக்கும் பின்னாடி கிழங்கு கொண்டுவர ஒரு மச்சான் கூட்டம் இருக்கே!

சரி, அண்ணன்காரன் வருஷா வருஷம் கொட்டிக்கொடுக்கிறான், மச்சான் என்ன பண்றான், சும்மா வாங்கித் தின்னுட்டு உட்கார்ந்திருக்கானா? 1915ல இருந்து 1918க்குள்ள ரெண்டு தடவை இங்க வந்து தங்கி ஆராய்ச்சி பண்ணின மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி கிழங்கு பத்தி அவ்வளவு எழுதினார், ஆனா பொம்பளைங்க கையில இருந்த சொத்தைப் பெருசா கண்டுக்கல. 1971ல மரச் சிற்பத்தைப் பத்தி ஆராயலாம்னு ஆனெட் வைனர்னு இன்னொரு மானுடவியலாளர் வர்றாங்க, அங்கிருந்த பொம்பளைங்க அவங்களைக் கையோட ஒரு செத்த வீட்டுச் சடங்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மரச் சிற்பம் அதோட பின்னாடி போயிருச்சு.

[திரையில்: பலகை மேல இலை சுரண்டுற கை, க்ளோஸப்]

அங்க கைமாறினது வாழையிலைக் கட்டு. ஆமா, இலைதான். செதுக்கின மரப் பலகை மேல இலைக் கீத்தை வச்சு சிப்பியால சுரண்டினா பலகையில இருக்கிற கோலம் இலையில பதியும், அதை வெயில்ல காயப்போட்டு வெளுக்க வச்சு, நிறைய கீத்தைச் சேத்து ஒரு முனையில கட்டி, மறுமுனையை விரிச்சு விடுவாங்க. சமைக்க, உடுத்த, எதுக்கும் ஆகாது. இதோட சாயம் போட்ட நார்ப் பாவாடையும் சேந்தா அதுக்குப் பேரு டோபா, பொம்பளைங்க சொத்து.

ஒருத்தர் செத்தா அவரோட சொந்த டாலா ஆளுங்க பொணத்தைத் தொடக்கூடாது. குளிப்பாட்டுறது, தூக்குறது, மொட்டை போடுறது, உடம்புல கரி பூசிக்கிட்டு துக்கம் காக்கிறது எல்லாம் புருஷனோ பொண்டாட்டியோ, அப்பா வழி சொந்தமோதான் செய்யணும். இது செத்தவரோட டாலா மேல ஏறுற கடன். சில மாசம் கழிச்சு சகாலின்னு ஒரு பங்கீட்டுச் சடங்கு வச்சு அதைத் தீர்ப்பாங்க. செத்தவரோட டாலா பொம்பளைங்க கூடை கூடையா கட்டுகளோட ஊர் நடு மைதானத்துல உட்காருவாங்க, நோயில பாத்துக்கிட்டவங்களுக்கு இது, மொட்டை போட்டவங்களுக்கு இதுன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு நடுவுல போட, மத்த பொம்பளைங்களும் சரசரன்னு வந்து அது மேல போட, சேந்த குவியலை உரியவங்க அள்ளிட்டுப் போவாங்க, உடனே அடுத்த பேரு. ஒரு நாள் பூரா இதே. ஆயிரக்கணக்குல கட்டு கைமாறும், யாரு அதிகமா கொடுத்தாளோ அவளுக்குத்தான் அன்னைக்கு பேரு.

இப்ப மச்சான் மேட்டருக்கு வருவோம். ஒருத்தியே உட்கார்ந்து அவ்வளவு கட்டும் செய்ய முடியாது. அவ டாலால சாவு விழுந்தா புருஷன்தான் பன்னி, புகையிலை, கடைச் சாமான்னு தன் கையில இருக்கிறதைக் கொடுத்து மத்தவங்ககிட்ட கட்டு வாங்கிச் சேத்துத் தரணும். எவ்வளவு கிழங்கு தின்னானோ அதுக்குத் தகுந்த கட்டு. இதுல அவன் கை சுருக்கினா ஊர் முன்னாடி தெரிஞ்சுபோயிரும், பொண்டாட்டியோட அண்ணன் அடுத்த வருஷம் கிழங்கைக் குறைச்சிருவான். அண்ணன் போட்ட கிழங்கு சுத்தி வந்து அவனோட டாலா மானத்தையே காப்பாத்துது பாருங்க. இலையை எண்ணி எண்ணி வீணாக்குறாங்கன்னு சிரிச்ச வெளியாளுங்க இந்த பாதியைப் பாக்கவே இல்ல.

சமீப காலத்துல சில ஊர்கள்ல சர்ச் பக்கம் இருந்தே இலைக்கட்டு வேண்டாம், வேலையும் நேரமும் வீண்னு சொல்லி நிறுத்தப் பாக்குறாங்க, அதுக்குப் பதிலா துணியும் காசும் கொடுக்கிற பழக்கம் வந்துக்கிட்டிருக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, நாள் கணக்கா இலை சுரண்டி இடுப்பு ஒடியிறவளுக்குத்தானே தெரியும். ஆனா வாழை மரம் இருந்தா எந்தப் பொண்ணும் உட்கார்ந்து கட்டு கட்டிக்கலாம். துணி வாங்க காசு வேணும், கிரிவினால காசு வாழை மரத்துலயா காய்க்குது?