கண்ணூர் பீடித் தொழிலாளர்கள் காட்டிய வழி

நேயர்களுக்கு வணக்கம்.

உழைப்பவர்களே உடைமையாளர்களாக இருந்தால் ஒரு நிறுவனம் நேர்மையாக நடக்குமா, நிலைத்து நிற்குமா? இந்தக் கேள்விக்குக் கேரளத்தின் கண்ணூரிலிருந்து பதில் சொல்வதே எனக்குப் பிடிக்கும்.

பீடித் தொழிலாளர்களுக்கு விடுப்பு, வேலை நேர வரம்பு, மகப்பேற்றுச் சலுகை ஆகியவற்றை உறுதிசெய்யும் மத்தியச் சட்டம் 1966-இல் வந்தது. கேரள அரசு அதை நடைமுறைப்படுத்த முனைந்ததும், 1968-இல் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் நடத்திவந்த தொழிலை மூடிவிட்டார்கள். சுமார் 12,000 பேர் ஒரேயடியாகத் தெருவுக்கு வந்தார்கள். மூலதனம் மாநில எல்லையைத் தாண்டிவிடும். தொழிலாளியால் வீட்டையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அந்தத் தொழிலாளர்கள் 1969-இல் உருவாக்கியதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு 20 ரூபாய். முதலில் ஒரு ரூபாய் கட்டினால் போதும். மீதியை அரசு கடனாகக் கொடுத்தது. எந்தச் சட்டத்துக்குப் பயந்து முதலாளிகள் ஓடினார்களோ, அதே சட்டத்தின் சலுகைகளைக் கொடுத்துக்கொண்டே இந்தச் சங்கம் வளர்ந்தது. 1980களில் அங்கே 40,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள்.

கண்ணூர்ப் பீடிக் கொட்டகைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மடியில் முறத்தை வைத்து எல்லாரும் இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். இப்படி நாட்டு நடப்பைக் கேட்டு விவாதித்துப் பழகியவர்களிடம் சங்கக் கணக்கை மறைப்பது எளிதல்ல. அந்தச் சங்கத்தின் பலமே இதில்தான் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

புகையிலை உடம்புக்குக் கேடு என்பதை மறந்துவிட்டு இவர்களைப் பாராட்ட என்னால் முடியாது. ஆனால் பீடி விற்பனை சரியத் தொடங்கியபோது அவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து மசாலாப் பொடி, குடை, ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கினார்கள். பீடி சுற்றிய எல்லாருக்கும் அவற்றில் இடம் கிடைக்கவில்லை. வேலை பார்ப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. சங்கம் மட்டும் இன்றும் இருக்கிறது.

கூட்டுறவு என்றால் நொடிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற மோன்த்ராகோன் கூட்டுறவுக் குழுமத்தில், வீட்டுச் சாதனங்கள் செய்துவந்த ஃபாகோர் நிறுவனம் 2013-இல் திவாலானது. இருந்தும் அதன் உறுப்பினர்களில் பலருக்கு அதே குழுமத்தின் மற்றச் சங்கங்கள் வேலை கொடுத்தன. தனியார் ஆலை ஒன்று மூடப்பட்டால், பக்கத்து ஆலை முதலாளி இப்படி வந்து கைகொடுப்பாரா?

நம் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, தேர்தலே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் ஆண்டுக்கணக்காக இருந்திருக்கின்றன. வாக்களிக்கும் உரிமை இல்லாத உறுப்பினர், கடன் வாங்க வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்தான். அவரிடம் போய் "இது உங்கள் சங்கம்" என்றால் எப்படி நம்புவார்? கண்ணூரைப் பார்த்து வியக்கும் நாம், முதலில் சங்கத் தேர்தல்களைக் காலம் தவறாமல் நடத்தும்படி கேட்க வேண்டும். தணிக்கை அறிக்கையைச் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் வரிக்கு வரி வாசிக்கச் சொல்ல வேண்டும்.