கல்யாண மேடையில் அத்தை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆவணி பிறந்தாச்சு. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விற்கிற விலையைக் கேட்டாலே நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்யாணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த மாசம் மேடை ஏறப்போகிற அத்தைமாருக்காகத்தான் இன்றைய பேச்சு. பெண்ணுக்கு அப்பாவின் கூடப்பிறந்தவர்களைச் சொல்கிறேன்.

நம்ம ஊர் மண்டபத்தில் மைக் யார் யார் கைக்குப் போகும்? தாய்மாமன், சங்கத் தலைவர், கட்சிக்காரர், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். கிறிஸ்தவ வீடுகளில் ஆலயத்திலிருந்து மண்டபத்துக்கு வந்ததும் வாழ்த்துரை நடக்கும். இந்து வீடுகளில் பெரும்பாலும் சாயங்கால வரவேற்பில். எந்த வீடானாலும் அத்தை கையில் பன்னீர்ச் செம்போ ஆரத்தித் தட்டோதான் இருக்கும். இப்போது பிள்ளைகளே, "அத்தை பேசட்டும்" என்கிறார்கள். நல்ல காரியம்.

புதுப்பழக்கம் என்று யாராவது முகம் சுளித்தால், அகநானூற்றில் 86ஆம் பாட்டைக் காட்டுங்கள். நல்லாவூர் கிழார் பாடியது. பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர், பூவும் நெல்லும் கலந்த தண்ணீரால் மணப்பெண்ணை நீராட்டி, கற்பு வழுவாமல் நல்லது பல செய்து, கொண்டவன் விரும்பும் துணையாக இரு என்று வாழ்த்துகிறார்கள். உளுந்து போட்ட பொங்கலும் பெருஞ்சோறும் அங்கேயும் உண்டு. ஆனால் வாழ்த்து ஒரே வாக்கியம்! அதில் சொன்ன விஷயம் எனக்கு இன்றைக்கு முழுசாக ஒப்பாது. நீளம் ஒப்பும். மூணு நிமிஷத்துக்கு மேல் போனால், அவியலும் எரிசேரியும் அடைப்பிரதமனும் காத்திருக்கிற பந்தியைப் பார்த்துச் சனம் நகர ஆரம்பித்துவிடும். சுருள் கவரோடு, அதாவது மொய்க் கவரோடு, வரிசையில் நிற்கிறவர்கள் உங்களை முறைப்பார்கள்.

அத்தைக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு இடம் உண்டு. இந்தப் பெண் இன்றைக்கு எந்த வீட்டுப் படியிறங்கிப் போகிறாளோ, அதே படியிறங்கிப் போனவள் அவள். பெண்ணின் அம்மா கழுத்தில் தாலி ஏறியபோது, பின்னால் நின்று முடிச்சுப் போட்ட நாத்தனாரும் அவளாகத்தான் இருப்பாள். இதைவிட்டுவிட்டுப் பெண்ணின் படிப்பையும் வேலையையும் எதற்கு ஒப்பிக்க வேண்டும்? அழைப்பிதழில் பட்டம் அச்சடித்துத்தானே கொடுத்தோம்.

"அனுசரிச்சுப் போம்மா" என்ற வார்த்தையும் வேண்டாம். மேடையில் நிற்பது ரெண்டு பேர். சொல்வதானால் ரெண்டு பேருக்கும் சொல்லுங்கள்.

பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாத ஒன்றே ஒன்று போதும். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் நான் சொன்னது என் அம்மையைப் பற்றி. கடைசிக் காலத்தில் அம்மைக்கு நினைவு தப்பிப்போச்சு. பேத்தியைப் பார்த்து என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, "நான் அத்தை இல்ல பாட்டி" என்று ஒருநாளும் திருத்தியதில்லை. "என்னம்மா" என்று போய் நிற்பாள். அம்மை மெல்ல விசாரிப்பாள்: "ஒனக்க மாமியாரு எப்படி?" இவள் யூனிபார்மோடு கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "குறை ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் பார்க்காங்க" என்பாள். என் மாமியாருக்கு அவ்வளவு நல்ல பேரை நான்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

இதைச் சொன்னதும் முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. பிறகு எழுந்து வந்து மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். பிள்ளையின் குணத்துக்கு நான் வேறு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சிரிப்பு வரவேண்டும் என்று பெண்ணின் சின்ன வயசு அசட்டுத்தனத்தை எடுத்து விடாதீர்கள். அவளிடம் முந்தின நாளே, "இதைச் சொல்லட்டுமா மக்களே?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். வீடியோக்காரர் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறார், அது பேரப்பிள்ளை காலம்வரை ஓடும்.

களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் நம்மில் நிறைய. 1956 நவம்பர் 1 வரை ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்த மண்தானே! அந்தச் சம்பந்தக்காரர் முன்னால் பேசும்போது எதுகை மோனையை மூட்டை கட்டிவிட்டு, நிறுத்தி நிதானமாகப் பேசினால் அவர்களுக்கும் புரியும். ரெண்டு வரி மலையாளம் சேர்த்தால் தப்பேயில்லை.

பேசி முடித்ததும் மைக்கைத் தொகுப்பாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். பெண்ணின் அம்மாவிடம் கொடுங்கள். மண்டபத்தில் அவரிடம்தான் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் நீட்டியதும் எங்கள் மைனி, அண்ணன் மனைவி, தலையை ஆட்டி மறுத்தாள். விடவில்லை, கையில் வைத்துவிட்டேன். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போணும்" என்றாள். அன்றைக்குக் கைதட்டு அதிகம் வாங்கியது அந்தப் பேச்சுதான்.

வணக்கம்.