கடலுக்கு நம்மேல் கோபமில்லை

அவையோருக்கு வணக்கம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னை மழையைப் பற்றி நிறையக் கதைகள் வந்துவிட்டன. பலவற்றில் மழை வில்லனாக வருகிறது. இல்லையென்றால் நம் பாவத்துக்குத் தண்டனை தர வந்த தெய்வமாக வருகிறது. இரண்டுமே என்னை நெருடுகின்றன.

இயற்கைக்குக் கோபமோ கருணையோ கற்பிக்காமல், நடந்ததற்கான காரணத்தை மட்டும் பார்க்கும் எழுத்துமுறை ஒன்று உண்டு. அதுதான் இயற்பண்புவாதம். அதற்குப் பிரான்சில் கொள்கை வகுத்தவர் நாவலாசிரியர் எமில் ஜோலா. உடலியல் அறிஞர் கிளாட் பெர்னாரின் மருத்துவ நூலைப் படித்துவிட்டு, நாவலாசிரியனும் அதுபோலக் காரணத்தைத் தேட வேண்டும் என்று 1880இல் வாதாடினார். பரம்பரையும் சூழலும் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்று பார்க்கச் சொன்னார். கொள்கையை அதோடு விட்டுவிடுவோம். கதைகளுக்கு வருவோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட ஒரு சிறுகதை. கனடாவின் யூக்கான் பனிவெளி, கழித்தல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர். தனியாகப் போகாதே என்று அனுபவசாலி ஒருவர் சொன்னதைக் கேட்காமல் ஒருவன் நாயோடு நடக்கிறான். வழியில் கால் நனைந்துவிடுகிறது. மரத்தடியில் தீ மூட்டுகிறான்; நன்றாகப் பற்றிக்கொள்கிறது. பிழைத்தான் என்று நாம் மூச்சுவிடும்போது கிளையிலிருந்து பனி சரிந்து தீ அணைகிறது. விதி சிரித்தது என்று எழுத எத்தனை பேருக்குக் கை பரபரத்திருக்கும்! லண்டன் எழுதுவது வேறு. அவன் ஒவ்வொரு சுள்ளியாக இழுக்க இழுக்க மரம் லேசாக அதிர்ந்தது. மேல்கிளைப் பனி கீழ்க்கிளையில் விழுந்தது, அது அடுத்த கிளையில் விழுந்தது. அவ்வளவுதான். மரத்துக்கு அவன்மேல் எந்தப் பகையும் கிடையாது. அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் உடல் நடுங்குகிறது.

இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன் தானே கடலில் தத்தளித்தவர். 1897 ஜனவரியில், கியூபாவுக்குப் போக அவர் ஏறியிருந்த கமடோர் கப்பல் ஃபுளோரிடா கடலில் மூழ்கியது. சின்னப் படகில் அவரோடு சேர்த்து நால்வர். அதே ஆண்டில் கதையாக எழுதினார். கரையில் ஒருவர் தன் மேல்சட்டையைச் சுழற்றிக் காட்டுகிறார்; படகில் இருப்பவர்கள் வேடிக்கைக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். கடைசியில் இறப்பது, சளைக்காமல் துடுப்புப் போட்ட, நால்வரில் பலசாலியான ஆள். இதில் நியாயம் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தப் படகில் நால்வருக்குள் ஒரு சகோதர உணர்வு ஊறுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

நமக்கு இது புதிதா? கணியன் பூங்குன்றனார் மலையாற்று வெள்ளத்தில் போகும் புணையை, அந்தத் தெப்பத்தைத்தானே காட்டினார்? நீர் இழுத்த வழியில் உயிர் போகிறது. அதனால்தான் பெரியோரை வியக்கவில்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்றார். கிரேனின் படகுக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை.

இப்போது நம் ஊர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. மழைக்குக் கோபம் என்று எழுதிவிட்டால், ஏரியின் மதகு கதைக்குள் வராது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த கட்டடங்கள் வராது. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தது யார், மாடியில் இருந்தது யார் என்ற கேள்வியே எழாது. கோபப்படும் மழை எல்லோருக்கும் வசதியான மழை.

அப்போது மீனவக் குப்பங்களிலிருந்து படகுகள் தெருக்களுக்குள் வந்தன. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள். கடலில் நீரோட்டம் பார்த்துப் பழகியவர், மதில்சுவருக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே படகை எப்படித் திருப்பினார்? தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று எதை வைத்துக் கணித்தார்? அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா? இங்கே அமர்ந்திருக்கும் இளம் எழுத்தாளர்கள் யாராவது அவர்களிடம் போய்க் கேட்டு இதை எழுத வேண்டும்.

நன்றி, வணக்கம்.