வஞ்சிரம் 1,600 ரூபாயா? எனக்கு மத்தி போதும்!

ஹாய் மக்களே, வணக்கம்! சென்னை லூப் ரோடு மீன் மார்க்கெட்ல இருந்து இப்பதான் வந்தேன். பையக் கூட இறக்கல, உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

வஞ்சிரம் கிலோ 1,600 ரூபாய்! "தடைக்காலம் கண்ணு, பெரிய போட்டெல்லாம் கரையில நிக்குது"ன்றாங்க மீன்கார அக்கா. வாஸ்தவந்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு போகக் கூடாது. மீன் முட்டை போடுற காலம், அந்தத் தடை வேணும். ஆனா 1,600! மார்ச்ல இதே அக்காகிட்ட 900க்கு வாங்கினேன். இல்ல இல்ல, 950, வெட்டுக்கூலியோட சேத்து. பக்கத்துலயே ஃபைபர் போட்ல வந்த மத்தி, கண்ணு பளபளன்னு, கிலோ 200! ரெண்டு கிலோ அள்ளிட்டேன்.

இதுல என்ன அவ்ளோ சந்தோஷம்னா, நேத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துச்சு. போன வருஷம் 12 கிலோ எடை குறைச்ச கதை உங்களுக்கே தெரியும். குறைச்சத அப்படியே காப்பாத்துறதுதான் பெரும்பாடு. உடம்பு எளச்சா அதுக்குச் செலவாகுற கலோரியும் குறையுது, பசி மட்டும் கூடுது. பழைய தட்டுக்குத் திரும்பினா பழைய எடையும் திரும்பிடும்.

நான் திரும்பல. ஜனவரில 64 கிலோலயே நின்னேன். ஆனா ட்ரைகிளிசரைடு, அதான் ரத்தத்துல ஓடுற ஒரு வகைக் கொழுப்பு, 212! 150க்குக் கீழ இருக்கணும். எடை மெஷின நம்பி நிம்மதியா இருந்திருக்கேனேன்னு அவ்ளோ ஆத்திரம். கலோரிக் கணக்கு சரிதான், ஆனா அதுல பாதிக்குப் பாதி, ராத்திரி வெள்ளச்சோறு, டீக்குச் சக்கரை, பிஸ்கட். மாவும் சக்கரையும் மிஞ்சினா கல்லீரல் அதக் கொழுப்பாக்கி ரத்தத்துல விட்டுடும்.

அப்புறம்தான் சோறு ஒரு கரண்டி, கீரை, சுண்டல் நெறைய, வாரம் ரெண்டு நாள் மத்தி இல்லன்னா கானாங்கத்த. ரெண்டுலயும் ஒமேகா-3ன்ற நல்ல கொழுப்பு நிறைய இருக்கு. அமெரிக்க இதய சங்கமும் இந்த மாதிரி கொழுப்பு மீன வாரம் ரெண்டு தடவ சாப்பிடச் சொல்லுது. நேத்து வந்த நம்பர் 138! எடை அதே 64!

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ரெண்டு தடவையும் 12 மணி நேரம் வெறும் வயித்தோட போய்தான் ரத்தம் குடுத்தேன். சாப்பிட்டுட்டுப் போனா ட்ரைகிளிசரைடு ஏறித்தான் காட்டும்.

தயவுசெஞ்சு மத்தி மீன எண்ணெயில முக்கிப் பொரிக்காதீங்க, எனக்குப் பாக்கவே பிடிக்காது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்லயே 120 கலோரி கிட்ட இருக்கு. மண்சட்டில குழம்பு வைங்க. உப்பக் குறைச்சு, புளியும் மாங்காயும் தூக்கலா. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது வெறும் ஒரு டீஸ்பூன். அம்மாவுக்கு பிபி இருக்குறதால மீன் குழம்பு அன்னிக்கு எங்க வீட்ல அப்பளம், ஊறுகா ரெண்டும் கிடையாது.

அய்யோ, மாங்கா வாங்கவே இல்ல! மத்திய ஐஸ்ல போட்டுட்டு கீழ கடைக்கு ஓடுறேன். செதில் உரசுறதுல இருந்து கேமரா ஆன் பண்றேன், இருங்க.