45 கோடி ஆண்டு பழைய கல்லில் சவரக்கத்தி தீட்டுவது எப்படி? விலை உயர்ந்த கல் ஏன் கைவிடுகிறது?

(திரையில்: பெரிதாக்கிக் காட்டிய சவர பிளேடின் விளிம்பு)

முடி எஃகை உடைக்கும். நம்ப முடிகிறதா? மனித முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சவரம் செய்யச் செய்ய, பிளேடின் விளிம்பிலிருந்து எஃகு துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் முடியை வெட்டிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்து, 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். முடி வளைந்து விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்து விரிசல் விழுகிறது.

அவர்கள் ஆராய்ந்தது தேய்ந்ததும் தூக்கியெறிகிற பிளேடுகளை. மடக்குகிற பழைய சவரக்கத்தி என்றால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். எதில் தீட்டுவது, எப்படி முடிப்பது என்பதுதான் இன்றைய வீடியோ. சவரம் செய்யும்போது கத்தி சொல்லும் புகார்களைக் கடைசியில் வைத்திருக்கிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். செயற்கைக் கற்கள் வருவதற்கு முன்பு எல்லாமே பூமியிலிருந்து வெட்டியெடுத்த கற்கள்தாம்: ஜெர்மனியின் துரிங்கியாவில் ஸ்லேட், ஜப்பானில் கியோட்டோவின் மலைக் கற்கள், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நோவாகுலைட், பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கோட்டிகுல். எனக்குப் பிடித்தது கடைசிக் கல். ஆகவே மற்ற மூன்றுக்கும் இன்று விடுமுறை. கியோட்டோ ரசிகர்கள் கருத்துப் பகுதியில் தாராளமாகத் திட்டலாம்.

(திரையில்: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கருநீலம் தெரியும் கல்)

வியல்சால்ம் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைக்கும் இந்த மஞ்சள் கல், ஆர்டோவிசியன் காலத்துக் கடலடியில் படிந்தது. வயது 45 கோடி ஆண்டுகளுக்கு மேல். மஞ்சள் அடுக்கு பல இடங்களில் சில சென்டிமீட்டர் தடிமன்தான். எளிதில் உடையக்கூடியது என்பதால் அடியில் ஒரு ஸ்லேட் பலகையை ஒட்டிவிடுவார்கள், அல்லது இயற்கையாகவே ஒட்டியிருக்கும் நீலக் கல்லோடு சேர்த்து அறுப்பார்கள்.

இதற்குள்ளே எஃகைத் தேய்ப்பது எது தெரியுமா? கார்னெட் மணிகள், கோமேதகத்தின் உறவுக்காரர்கள்! கல்லில் கால் பங்குக்கும் மேல் இவைதான். ஒவ்வொன்றும் சுமார் 5 முதல் 20 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இங்கேதான் சந்தேகம் வர வேண்டும். 10 மைக்ரான் மணியென்றால் செயற்கைக் கற்களின் கணக்கில் அது நடுத்தரம்தான். முகத்தில் வைக்கிற கத்தியை அதில் எப்படி நுணுக்கமாகத் தீட்டி முடிப்பது?

விடை அந்த மணியின் வடிவத்தில் இருக்கிறது. கார்னெட் படிகத்துக்குப் பெரும்பாலும் 12 முகங்கள். முகங்கள் சந்திக்கும் மூலைகள் எல்லாம் விரிகோணம். வெறுங்காலோடு உடைத்த ஜல்லியில் நடந்து பாருங்கள், பிறகு ஆற்றுக் கூழாங்கல்லில் நடந்து பாருங்கள். அளவு ஒன்றுதான், ஆனால் ஜல்லி குத்தும், கூழாங்கல் அழுத்தும். செயற்கைத் துகள்கள் ஜல்லி, கார்னெட் கூழாங்கல். மணி பெரிதாக இருந்தாலும் மேற்பகுதி மட்டும் லேசாக எஃகைத் தொடுகிறது. விழுகிற கீறல் அகலமாக இருக்கும், ஆழம் மிகக் குறைவு. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்தக் கல்லுக்கு ரசிகன்.

இன்னும் இருக்கிறது. கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதே வகையில் ஒரு சிறு துண்டுக் கல்லால் தேய்த்தால் பால் போல ஒரு குழம்பு வரும். மணிகள் கல்லிலிருந்து விடுபட்டு அதில் மிதக்கும். அவை உருண்டு, புரண்டு, எஃகை வேகமாகத் தின்னும். குழம்பு கெட்டியாக இருக்கும்போது இது முரட்டுக் கல். ஆனால் கத்தியின் விளிம்பு ஒவ்வொரு தடவையும் அந்த மணிகள்மீதே மோதிக்கொண்டு போகிறது, அதனால் ஓர் அளவுக்கு மேல் கூர் ஏறாது. தீட்டுகிற குழம்பே தடையாகவும் நிற்கிறது! எனவே துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்து, குழம்பை நீர்க்கச் செய்துகொண்டே போக வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீர். இப்போது மணிகள் கல்லுக்குள் பதிந்து, உச்சி மட்டும் தெரிய நிற்கின்றன. முரட்டுக் கல்லாக இருந்தது மெருகுக் கல்லாகிவிட்டது. கல்லை மாற்றவே இல்லை, மாறியது தண்ணீரின் அளவு மட்டும்தான்.

(திரையில்: கல்லின் மேல் படிந்த கத்தி, பக்கவாட்டுத் தோற்றம்)

சரி, கத்திக்கு வருவோம். கோணம் பிடிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படிந்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், அலகு 17 மில்லிமீட்டர் அகலம் என்றால் இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து 17 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. விளிம்போடு முதுகும் சேர்ந்தே தேய்வதால் வருடக்கணக்கானாலும் கோணம் பெரிதாக மாறாது. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

முதலில் கல் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கட்டங்கள் போட்டு, வைரத்துகள் பதித்த தகட்டில் கோடுகள் அழியும்வரை தேயுங்கள்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. நிரந்தர மார்க்கரால் விளிம்பின் இரண்டு பக்கமும் மை பூசுங்கள். கெட்டிக் குழம்பில் விளிம்பு முன்னால் போகும்படி தள்ளுங்கள். அலகு கல்லின் அகலத்தைவிட நீளமாக இருக்கும் என்பதால், அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுக்க வேண்டும். சில தடவை போனதும் பாருங்கள்: மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் தொடவில்லை. இரண்டு சரிவும் நீளம் முழுவதும் சந்தித்துவிட்டன என்பதற்கு அடையாளம், முன்கை முடியைத் தோலை ஒட்டி வெட்டுவது. ஒரு விரல் அகலம்கூட விடுபடக் கூடாது.

பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். சரிவுகள் சந்திக்காத கத்தியை மெருகுக் கல்லில் ஆயிரம் தடவை தேய்த்தாலும் பளபளப்புதான் மிஞ்சும். உடனே இன்னும் விலை கூடிய கல்லைத் தேடுவார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்ததற்காகவாவது இந்த வீடியோவுக்கு ஒரு லைக் போடுங்கள்.

பிறகு நீர்க்கச் செய்தல், ஏற்கெனவே சொன்னபடி. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில், ஓடுகிற தண்ணீரில் கல்லைக் கழுவிவிட்டு, கத்தியின் சொந்த எடையே போதும் என்று விட்டுவிட வேண்டும். 50 தடவை போதும். கைகளில் ஒரு மாற்றம் தெரியும்: கத்தி கல்லின்மேல் வழுக்கிப் போவதை விட்டு, மெல்லப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து தோல்வார், அதாவது தீட்டிய கத்தியை இழுத்துப் பதப்படுத்தும் துணி, தோல் பட்டை: முதுகு முன்னால், முதலில் துணி, பிறகு தோல், ஒரு 50 தடவை. திரும்பும்போது முதுகின்மேல் புரட்டுங்கள். விளிம்பின்மேல் புரட்டினால் தோல்வார் காலி.

(திரையில்: நுரை பூசிய கன்னம்)

இப்போது புகார்கள். கன்னம் முழுவதும் முடியைப் பிடித்து இழுக்கிறதா? சரிவுகள் சந்திக்கவில்லை, மார்க்கரிடம் திரும்புங்கள். ஒரே இடத்தில் மட்டும் இழுக்கிறதா? அலகின் அந்தப் பகுதி கல்லைத் தொடவில்லை, பெரும்பாலும் நுனியோ அடியோதான். சுத்தமாக வெட்டுகிறது, ஆனால் பிறகு கழுத்து எரிகிறதா? வெறும் தண்ணீரில், கை கனமே இல்லாமல், இன்னொரு 30 தடவை. அதற்கும் அடங்கவில்லை என்றால் கத்தியை நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள்; தோலுக்கும் அலகுக்கும் இடையே 30 டிகிரியைத் தாண்டாமல் சாய்த்து, மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். உங்கள் கத்தி இதில் எந்தப் புகாரைச் சொல்கிறது என்று கீழே எழுதுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாத புகாராக இருந்தால் அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.