கேட்கிற காதும் அடிக்கிற கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல் 3-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு விமானப்படை ஜெனரல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பெயர் டிமோதி ஹாக். நான்கு நட்சத்திரத் தகுதி பெற்றவர். பதவியேற்று ஓராண்டும் இரண்டு மாதமும்தான் ஆகியிருந்தது. அவரை ஏன் நீக்கினார்கள் என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. ஒரே ஒருவரை நீக்கியதும் இரண்டு பெரிய அமைப்புகள் ஒரே நாளில் தங்கள் தலைவரை இழந்தன. அது எப்படி நடந்தது, அப்படி ஓர் ஏற்பாடு இருக்கலாமா என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த இரண்டில் முதலாவது என்.எஸ்.ஏ. என்கிற தேசியப் பாதுகாப்பு முகமை. அதிபர் ட்ரூமன் 1952-இல் ரகசிய உத்தரவு போட்டு அமைத்தது. பிற நாடுகளின் தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்பது, சங்கேதங்களை உடைப்பது, தன் நாட்டு ராணுவத்தின் ரகசியத் தொடர்புகளைப் பாதுகாப்பது ஆகியவை அதன் வேலை. இரண்டாவது சைபர் கமாண்ட். எதிரியின் கணினி வலையமைப்புக்குள் புகுந்து முடக்குவதும், ராணுவத்தின் சொந்த வலையமைப்பைக் காப்பதும் இதன் வேலை. இரண்டுக்கும் தலைமையகம் மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் முகாம். 2010 முதல் இரண்டுக்கும் தலைவர் ஒரே ராணுவ அதிகாரி.

ஏன் அப்படி ஆனது? 2008-இல் மத்திய கிழக்கில் இருந்த ஓர் அமெரிக்க ராணுவத் தளத்தில் யாரோ ஒரு பென் டிரைவைக் கணினியில் செருகினார்கள். அதிலிருந்த தீய நிரல் ராணுவத்தின் ரகசிய வலையமைப்புக்குள்ளேயே பரவிவிட்டது. அதைத் துடைத்தெடுக்க ஓராண்டுக்கும் மேல் ஆனது. கொஞ்ச காலம் ராணுவக் கணினிகளில் பென் டிரைவ் பயன்படுத்தவே தடை போட்டார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2009 ஜூனில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சைபர் கமாண்டை உருவாக்க உத்தரவிட்டார். புதிய அமைப்புக்குச் சொந்தமாக ஆட்கள் இல்லை, கருவிகள் இல்லை, அனுபவம் இல்லை. எல்லாம் என்.எஸ்.ஏ.விடம் இருந்தன. அதனால் 2005 முதல் என்.எஸ்.ஏ.வின் இயக்குநராக இருந்த கீத் அலெக்சாண்டரிடமே இந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். வேறு வழியும் இருக்கவில்லை.

இந்தப் பதவியின் உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கணினிக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

1943 ஏப்ரல் 14. ஜப்பானியக் கடற்படையின் ஒரு செய்தியை அமெரிக்கர்கள் இடைமறித்துப் படித்துவிட்டார்கள். அட்மிரல் யமமோட்டோ எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே விமானத்தில் வருகிறார் என்ற விவரம் அதில் இருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்டவர் அவர். சுட்டு வீழ்த்த முடியும். ஆனால் வீழ்த்தினால், 'நம் சங்கேதத்தை உடைத்துவிட்டார்கள்' என்று ஜப்பான் சந்தேகப்படலாம். சந்தேகம் வந்தால் சங்கேதத்தை மாற்றுவார்கள். மாற்றினால், அதற்கு முந்தைய ஆண்டு மிட்வே போரில் வெற்றி தேடித் தந்த காது செவிடாகிவிடும். ஒரு தளபதியின் உயிருக்காக இத்தனை பெரிய சொத்தைப் பணயம் வைக்கலாமா?

பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் தன் உளவுத்துறை அதிகாரி லேட்டனைக் கூப்பிட்டு ஆலோசித்தார். யமமோட்டோவின் இடத்துக்கு அவரைவிடத் திறமையான ஒருவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அந்தப் பேச்சில் வந்தது. அப்படி யாரும் இல்லை என்றார் லேட்டன். அதற்குப் பிறகுதான் நிமிட்ஸ் முடிவெடுத்தார். ஏப்ரல் 18-ஆம் தேதி பூகன்வில் தீவின் மேலே அமெரிக்கப் போர் விமானங்கள் அந்த விமானத்தை வீழ்த்தின. கடலோரக் கண்காணிப்பாளர்கள் பார்த்துச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் பரப்பப்பட்டது. சங்கேதம் உடைந்துவிட்டது என்ற முடிவுக்கு ஜப்பான் வரவில்லை. துணிச்சலும் இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது.

இதில் என்னை ஈர்ப்பது அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதுதான். அடிக்க அதிகாரம் உள்ளவர் ஒருவர். கேட்பதன் மதிப்பை அறிந்தவர் இன்னொருவர். ஒருவர் கேட்டார், மற்றவர் பதில் சொன்னார். ஃபோர்ட் மீட் பதவியில் இந்த இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கணினி உலகில் இந்தச் சிக்கல் பல மடங்கு கூர்மையானது. எதிரியின் சர்வருக்குள் ரகசியமாக நுழைந்து அவர் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கலாம். அதே வாசல் வழியாகப் போய் அந்த சர்வரை முடக்கவும் செய்யலாம். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் முடியும். முடக்கிய மறுநிமிடம் எதிரி விழித்துக்கொள்வார், கதவைப் பூட்டுவார். பல மாதங்கள் உழைத்துத் திறந்த வழி அத்தோடு போயிற்று.

நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சைபர் கமாண்ட் பிறப்பதற்கு முன்பே, 2008-இல் நடந்தது. அமெரிக்க நாளிதழ் ஒன்று 2010-இல் இதை வெளிக்கொண்டு வந்தது. தீவிரவாதிகளைக் கவர்ந்து அவர்களைக் கண்காணிப்பதற்காக சி.ஐ.ஏ.வும் சவூதி அரசும் சேர்ந்து ஓர் இணையதளத்தை நடத்திவந்தன. அதே தளத்தைப் பயன்படுத்தி ஈராக்கில் அமெரிக்கப் படைகளைத் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்று ராணுவம் சொன்னது. மூடிவிட வேண்டும் என்றது. மூடினால் உளவுத் தகவல் வருவது நின்றுவிடும் என்று சி.ஐ.ஏ. எதிர்த்தது. கடைசியில் ஃபோர்ட் மீடில் இருந்த ராணுவப் பிரிவு தளத்தை முடக்கியது. அந்தத் தாக்குதலில் சவூதி, ஜெர்மனி, டெக்சாஸ் ஆகிய இடங்களில் 300-க்கும் மேற்பட்ட சர்வர்கள் தற்செயலாகப் பாதிக்கப்பட்டன.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். களத்தில் இருக்கும் சிப்பாயின் உயிர் ஒரு பக்கம். நாளைக்கு நடக்கப்போகும் சதியை முன்கூட்டியே அறியும் வாய்ப்பு மறுபக்கம். இதற்குக் கணக்குப் போட்டு விடை சொல்ல முடியாது. வாதாடித்தான் முடிவுக்கு வர வேண்டும். வாதாட இரண்டு வாய் வேண்டும். அன்று அடிக்க வேண்டும் என்றது ராணுவம், வேண்டாம் என்றது சி.ஐ.ஏ. அந்த சர்வரை என்.எஸ்.ஏ. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யார் யாரோடு வாதாடுவது?

இந்தப் பதவியில் இருப்பவருக்கு மூன்றாவது கடமை ஒன்றும் உண்டு. தன் நாட்டின் ரகசிய வலையமைப்புகளைக் காப்பது. ஒரு மென்பொருளில் ஓட்டை இருப்பதை என்.எஸ்.ஏ. கண்டுபிடிக்கிறது. தயாரித்த நிறுவனத்திடம் சொன்னால் ஓட்டை அடைபடும், எல்லாரும் பாதுகாப்பாக இருப்பார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் எதிரியின் கணினிக்குள் நுழைய உதவும். விண்டோஸில் இருந்த அப்படி ஓர் ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி, என்.எஸ்.ஏ. உருவாக்கியது என்று பரவலாகக் கருதப்படுவது, 2017 ஏப்ரலில் ஒரு மர்மக் கும்பலால் இணையத்தில் கொட்டப்பட்டது. ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், பலர் அதை நிறுவியிருக்கவில்லை. மே 12-ஆம் தேதி, அந்தக் கருவியின் துணையோடு பரவி, கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீய நிரல் தாக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நோயாளிகள் அவர்கள். ஓர் ஓட்டையைச் சொல்வதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும்போது அந்த நோயாளியின் சார்பில் பேசும் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி. பல துறைகள் கூடி இதைத் தீர்மானிக்கும் நடைமுறையின் விதிகளை அமெரிக்க அரசு அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. அது நல்ல தொடக்கம்.

இரட்டைப் பொறுப்பைத் தாங்கிப் பேசுபவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கேட்பவரும் அடிப்பவரும் நடமாடும் இடம் ஒன்றே, கருவிகள் ஏறக்குறைய ஒன்றே, இரண்டு தலைவர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கோப்பு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். 2018-இல் பொறுப்பேற்ற பால் நகாசோனே இதை அடித்துச் சொன்னவர். அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், பொய்ப் பிரசாரம் செய்துவந்த ரஷ்ய நிறுவனம் ஒன்றின் இணைய இணைப்பை சைபர் கமாண்ட் முடக்கியதாகப் பின்னர் செய்தி வந்தது. உளவும் தாக்குதலும் ஒரே கையில் இருந்ததால்தான் அது அவ்வளவு வேகமாக நடந்தது என்பது அவர்கள் தரப்பு. ஓய்வுபெற்ற ஜெனரல் ஜோசப் டன்ஃபோர்ட் தலைமையில் 2022-இல் நடந்த ஆய்வும் இந்த ஏற்பாடு தொடரட்டும் என்றே சொன்னது.

எதிர்த்தரப்பும் பெரியது. என்.எஸ்.ஏ.வின் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடென் அதன் ஒட்டுக்கேட்பு பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட்ட பிறகு, அதிபர் ஒபாமா அமைத்த குழு 2013 டிசம்பரில் இரண்டையும் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒபாமா அப்போது ஏற்கவில்லை. 2016 டிசம்பரில், பதவியிலிருந்து விலகும் தறுவாயில், பிரிப்பதுதான் சரி என்று அறிக்கை விட்டார். ஆனால் அவர் கையெழுத்திட்ட அதே சட்டத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. பிரித்தால் சைபர் கமாண்டின் திறன் குறையாது என்று பாதுகாப்பு அமைச்சரும் கூட்டுப்படைத் தலைவரும் சேர்ந்து சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் பிரிக்கக் கூடாது.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரிக்க வேண்டும். 2010-இல் சைபர் கமாண்ட் நடக்கத் தெரியாத குழந்தை. இன்று அப்படி இல்லை. 133 குழுக்கள் கொண்ட படையைக் கட்டி முடித்து, 2018-இல் தனித்த போர்க் கட்டளையகமாக உயர்ந்துவிட்டது. வேகம் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேகத்துக்காக, 'வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருப்போம்' என்று சொல்லக்கூடிய சம பலமுள்ள ஒருவரை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போர்த் தளபதிக்கு வெற்றி கண்ணுக்குத் தெரியும். ஒட்டுக்கேட்பவரின் வெற்றி யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மனசு சாய்வது இயல்பு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

பிரிட்டன் வேறு மாதிரி செய்திருக்கிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட தேசிய சைபர் படையை ராணுவமும் ஒட்டுக்கேட்கும் அமைப்பான ஜி.சி.எச்.க்யூ.வும் கூட்டாக நடத்துகின்றன. ஜி.சி.எச்.க்யூ.வின் இயக்குநர் ராணுவத் தளபதி அல்ல. ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தலைமை மட்டும் இரண்டாக இருக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அப்புறம், ஹாக் நீக்கப்பட்ட அந்த நாளுக்கே வருகிறேன். சைபர் கமாண்டின் துணைத் தளபதியாக இருந்த வில்லியம் ஹார்ட்மன்தான் இரண்டையும் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்.எஸ்.ஏ.வின் துணை இயக்குநரும் அதே சமயத்தில் மாற்றப்பட்டுவிட்டார். பிரிப்பதா, சேர்ப்பதா என்ற விவாதத்தில் எல்லாரும் திறமையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியுமே பேசுகிறார்கள். ஒரே நாற்காலி காலியானால் காதும் கையும் சேர்ந்து தலைமை இழக்கும் என்பதை அந்த ஏப்ரல் காட்டிவிட்டது. சட்டம் கேட்கும் அந்தச் சான்றைப் பாதுகாப்பு அமைச்சரும் கூட்டுப்படைத் தலைவரும் பரிசீலிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, இந்தப் பதவிக்கு நியமிக்கப்படுபவர் செனட்டின் ராணுவக் குழு முன்னும் உளவுக் குழு முன்னும் விசாரணைக்கு வரும்போது, எந்தத் தாக்குதலை எப்போது வேண்டாம் என்று தடுத்தீர்கள், ஏன் தடுத்தீர்கள் என்று மூடிய அறையிலாவது அவரிடம் கேட்கட்டும்.

நன்றி, வணக்கம்.